பதினொரு மணிக்கு வரும் எண்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலம். நலம் என்று படித்ததும் நீ உதட்டைச் சுழிப்பது இங்கிருந்தே தெரிகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, நான் சொல்ல வேண்டியதில் பாதியை அவளே சொல்லிவிடுகிறாள். அதனால் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், இங்கே போனில் பேச விடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பதினொரு மணிக்கு அப்படி என்னதாம்பா பண்றீங்க, வெளியில எதையாவது வாங்கித் திங்கறீங்களா என்று கேட்டாய். இரண்டு வருடமாக உப்பில்லாத சாப்பாட்டை முணுமுணுக்காமல் சாப்பிடுகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

நடப்பதைச் சொல்கிறேன், நீயே தீர்ப்புச் சொல். காலையில் ஆறு மணிக்கு எழுந்து, பல் தேய்த்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, அதன்பிறகுதான் கைப்பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்க்கிறேன். நூற்று இருபத்தெட்டு, நூற்று முப்பது, அதற்கு மேல் போவதில்லை. எண் தானாகவே ஆஸ்பத்திரிக்கும் உன் போனுக்கும் போய்விடுகிறது. பத்தரைக்கு நடக்கக் கிளம்புகிறேன். நூலகத்தில் பேப்பர் பார்த்துவிட்டுப் பன்னிரண்டுக்குத்தான் திரும்புகிறேன். ஆனால் பதினொரு மணிக்கு, நான் வீட்டிலேயே இல்லாதபோது, என் பெயரில் நூற்று எழுபத்தெட்டு என்று ஓர் எண் போகிறதாம்! ஒருநாள் நூற்று எண்பத்தைந்தாம். ஆளே இல்லாமல் அந்த மெஷின் யார் கையை அளக்கிறது?

ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் சொன்னேன். ஐயா, மறந்துபோய் ரெண்டாவது தடவை பார்த்திருப்பீங்க, இந்த வயசுல சகஜம்தான் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அப்போது பார்த்திருந்தால் நிஜமாகவே நூற்று எண்பது காட்டியிருக்கும். டாக்டர் அந்த எண்களை நம்பி மாத்திரையை இரண்டு மடங்காக்கிவிட்டார்.

முப்பது வருடம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசைச் சோதித்து முத்திரை வைத்தவன் நான். ஒரு கருவி பொய் சொன்னால் எனக்குத் தெரியாதா? அதையும் சோதித்தேன். அடுத்தடுத்து மூன்று முறை அளந்தேன். மருந்துக்கடை மெஷினில் ஒருமுறை பார்த்துவிட்டு ஓடாமல் நடந்து வந்து இதில் பார்த்தேன். இரண்டு புள்ளிதான் வித்தியாசம். முத்திரை வைக்கலாம், அவ்வளவு சுத்தம். அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. கெட்டுப்போன மெஷின் என்றால் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

வீட்டுக்குள் வெளியாள் யாரும் வருவதும் இல்லை. அந்த நேரத்தில் உன் அம்மாவைத் தவிர வேறு யாரும் கிடையாது. எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தாமல், யாராவது வந்தார்களா என்று மட்டும் அவளைக் கேட்டால், எனக்கென்ன தெரியும், நான் அடுப்படியில இருந்தேன் என்கிறாள். அவளுக்கும் இப்போது அடிக்கடி தலைவலி வருகிறது, மாடிக்குத் துணி காயப்போடப் போவதைக்கூட நிறுத்திவிட்டாள். அவளை மேலும் தொந்தரவு செய்ய எனக்கு மனமில்லை.

இன்னொரு சின்ன விஷயமும் இருக்கிறது. நான் தளர்வாகச் சுருட்டி வைக்கும் கைப்பட்டை மறுநாள் காலையில் இறுக்கிச் சுருட்டியபடி இருக்கிறது. இதுவும் என் வயசுக் கோளாறுதானோ என்று பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நீ ஆஸ்பத்திரிக்கு எழுதி இந்த மெஷினை மாற்றச் சொல்லு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு.

குழம்பிப்போயிருக்கும்,
உன் அப்பா

*

அன்பு மகளே,

மெஷினை மாற்றச் சொல்லி எழுதிவிட்டாயா? இன்னும் எழுதவில்லை என்றால் எழுத வேண்டாம்.

போன திங்கட்கிழமை நூலகத்துப் படியில் எனக்குத் தலை சுற்றியது. விழவில்லை, உட்கார்ந்துவிட்டேன். நூலகர்தான் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டார். உன் அம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்தவள், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். உடனே மெஷினில் பார்த்தோம். தொண்ணூற்றாறு. மாத்திரை அதிகம், பதினொரு மணிக்கு யாருடையதோ எண் என் பெயரில் போனதால் வந்த வினை என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

பிறகு அவள் ஈரத்துணி எடுத்து வந்தாள். என் காலைத் துடைத்துவிட்டாள். யாரும் கேட்காமலே, ரெண்டு பேரும் படுத்துட்டா யாரு யாருக்குத் தண்ணி குடுக்கறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மக்கு அப்பா உனக்கு.

மறுநாளிலிருந்து பதினொரு மணி எண் நின்றுவிட்டது. நர்ஸம்மா சந்தோஷமாகக் கூப்பிட்டு, பார்த்தீங்களா ஐயா, மாத்திரை வேலை செய்யுது என்றார். போனை வைத்துவிட்டுக் கைப்பட்டையை எடுத்தேன். நான் வைத்தபடி தளர்வாகவே இருந்தது. இத்தனை நாள் அதை இறுக்கிச் சுருட்டியவருக்கு என்னைவிட மெலிந்த கை. அந்த அளவில் இந்த வீட்டில் ஒரு கைதான் இருக்கிறது.

கண்ணே, உன் அம்மாவின் நோய்க்கு நான் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்தாள் என்று யோசித்தேன். மெஷினை மாட்ட வந்த பையன் போகும்போது, அம்மா, இது ஐயா பேர்ல பதிஞ்சிருக்கு, ஐயாவைத் தவிர வேற யாரையும் பார்க்காது என்று சொல்லிவிட்டுப் போனான். உன் அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாள். மெஷினுக்கு ஆள் அடையாளம் தெரியும், என் கையை வைத்தால்தான் எண் வெளியே போகும், தன் கையை வைத்தால் தனக்கு மட்டும் காட்டிவிட்டு அடங்கிவிடும் என்று நம்பியிருக்கிறாள். ஒளித்துவைத்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது என்று நினைத்திருக்கிறாள். அவள் ஒளித்ததெல்லாம் ஊர் கடந்து உன் போன் வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டேன், அந்த எண்கள் என்னுடையவை இல்லை, வீட்டில் இன்னொருவருடையவை என்று. என் மாத்திரையைப் பழைய அளவுக்கே குறைத்துவிட்டார்கள். அந்த இன்னொருவரை உடனே கூட்டிட்டு வாங்க, நூற்று எண்பதை இப்படி விட்டுவைக்கக் கூடாது என்றார். அந்த இன்னொருவரோ, தலைவலிக்கு ஆஸ்பத்திரி போவோம் என்றதும், எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன், முதல்ல உங்களைப் பாருங்க என்று பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்க்கிறாள். தலைவலி வந்தால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சத்தம் போட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று நேராகச் சொன்னால், என்னைப் படியில் தலைசுற்றி உட்காரவைத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே. தெரிந்துதான் நிறுத்தினாள் என்றும் தோன்றுகிறது. எதைச் சொல்வது, எதை விடுவது, எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

எண் நின்றது நல்லதில்லை மகளே. முன்பாவது அவள் பிரஷர், யாருடையது என்று தெரியாமலே, நமக்குத் தெரிந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை. இரண்டு வருடமாக இந்த வீட்டில் நான் ஒருவனே நோயாளி. என் உப்பு, என் நடை, என் மாத்திரை, எல்லாமே என்னுடையது. அவளுக்கும் ஓர் உடம்பு இருக்கிறது என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இந்த இடத்தில் தராசை வைத்து ஓர் உவமை எழுதலாம் என்று கை துறுதுறுக்கிறது. வேண்டாம், வெட்கமாக இருக்கிறது.

ஐந்து நாளாக ஒரு காரியம் செய்கிறேன். காலையில் நான் பார்த்து முடித்ததும், கைப்பட்டையை அவள் கைக்குத் தக்கபடி இறுக்கிச் சுருட்டி, அவள் உட்கார வசதியாக நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். திரும்பி வந்து பார்க்கிறேன். வைத்தது வைத்தபடியே இருக்கிறது.

அதனால் உன்னைக் கேட்கிறேன். என் பேச்சு எடுபடவில்லை, உன் பேச்சை அவள் தட்டமாட்டாள். அப்பா சொன்னார் என்று சொல்லாதே. திட்டாதே. அம்மா, உனக்குத் தலை வலிக்குதா என்று மட்டும் கேள். அவளை யாராவது அப்படிக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்றோ. முடிந்தால் நான்கு நாள் லீவு போட்டு வந்துவிடு, நாம் மூவருமாகவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒருத்தர் உடம்பை ஒருத்தர் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்றைக்காவது பதினொரு மணிக்கு உன் போனில் மறுபடியும் ஓர் எண் வந்தால், அது என்னுடையது இல்லை. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் பயப்படாதே, வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு உடனே எனக்குச் சொல்லு. நான் நூலகத்தில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா