பின்சீட்டில் ஒன்றும் வைக்கக் கூடாது

இன்று காலை ஆம்னி வண்டியின் தள்ளுகதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் வந்து அடித்தது. நீலம் போட்டுத் துவைத்த பருத்தி வேட்டியை பாலிதீன் பையில் கட்டி, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் நாள் கணக்கில் வைத்திருந்தால் வரும் வாடை. எனக்கு அது நீங்கள் வீட்டுக்கு வரும் வாடை. நாளை யாரோ வண்டியைப் பார்க்க வருகிறார்களாம். "எல்லாத்தையும் எடுத்துட்டு, தொடச்சு வைம்மா" என்று நம் பிள்ளை சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். நானும் எடுத்தேன். முற்றத்தில் பரப்பினேன். பிறகு எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன், மறுபடி வைத்தேன். மருமகள் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் வண்டியிடம் போகத் தோன்றுகிறது. உங்களிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. போன வாரம்தான் எனக்கே தெரியும். அதிலிருந்துதான் இந்த நிலைகொள்ளாமை. சொல்ல ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஆனால் வண்டியைப் பற்றிச் சொல்லாமல் அந்தச் செய்திக்கு வர எனக்கு வழி தெரியவில்லை.

வீட்டு அலமாரியில் உங்கள் சட்டை எந்தத் தட்டில் இருக்கிறது என்று ஒரு நாளும் உங்களுக்குத் தெரிந்ததில்லை. பனியன் எங்கே, துண்டு எங்கே, கண்ணாடிக் கூடு எங்கே என்று காலையில் ஊரைக் கூட்டுவீர்கள். அதே ஆளுக்கு வண்டிக்குள் கண்ணைக் கட்டிவிட்டாலும் எல்லாம் கைக்கு வரும். குடையும் டார்ச்சும் உங்கள் சீட்டுக்கு அடியில். தண்ணீர்க் கேன்கள் இரண்டும் சீட்டுக் காலோடு கயிற்றால் கட்டி. ஆர்டர் புத்தகம், பேனா, சீப்பு, திருநீற்றுப் பொட்டலம், தலைவலித் தைலம், வாந்தி வந்தால் பிடிக்க கேரி பை எல்லாம் முன்சீட்டின் முதுகில் தொங்கும் பையில். அந்தப் பையை நான்தான் பழைய ஜமுக்காளத்தில் தைத்தேன். "இந்த அறை இன்னுங் கொஞ்சம் ஆழமா இருக்கணும், அந்த அறைக்கு மூடி வேணும்" என்று என்னைப் பிரித்துப் பிரித்துத் தைக்க வைத்தீர்கள். கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கிறவள்கூட அம்புட்டு அளவு கேட்க மாட்டாள் என்று நான் முனகியது உங்கள் காதில் விழுந்தது, விழாததுபோல் இருந்தீர்கள்.

தீப்பெட்டி மட்டும் வண்டிக்குள் வரக் கூடாது. பட்டாசுக் கம்பெனி வாசலில் எல்லாரும் கொடுத்துவிட்டுப் போவதுதான், நீங்கள் வீட்டு வாசலிலேயே சோதனை போட்டீர்கள். கோயிலுக்குப் போகும்போது என் கூடையில் இருந்த தீப்பெட்டியைக்கூட எடுத்து வெளியே வைத்தீர்கள். "அங்கன போயி வாங்கிக்கலாம்." சாமிக்குச் சூடம் கொளுத்த, பக்கத்தில் நின்றவர்களிடம் தீ கேட்டு நின்றேன்.

எல்லாவற்றுக்கும் மேல் பின்சீட்டு. அதில் ஒரு கைக்குட்டைகூட வைக்கக் கூடாது. காய்கறிப் பை, தூக்குவாளி, கல்யாணத் தாம்பூலப்பை எல்லாம் என் மடியிலும் என் காலடியிலும்தான். ஊருக்குப் போய் இறங்கினால் எனக்குக் கால் மரத்துப் போயிருக்கும். பின்னால் ஒரு சீட்டு மகாராஜா மாதிரி காலியாக வரும். அதற்குப் பின்னால் இருக்கும் இடத்தில் அந்த வேட்டிப் பையும், ஈரச்சாக்கில் சுருட்டிய வாழை இலையும்.

தெரியாதவர்களுக்கு இது பைத்தியமாகத் தோன்றும். நீங்கள் விருதுநகரிலிருந்து அட்டைப்பெட்டி ஆர்டர் எடுத்து, தாயில்பட்டிப் பக்கம் உள்ள பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த ரோட்டில் தினமும் போகிறவர்களுக்குத் தெரியும். சத்தம் கேட்டு, புகை எழும்பினால், ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் கண்ணில் படுகிற வண்டிதான் ஆஸ்பத்திரி வண்டி. வெந்த உடம்பில் ஒட்டாதது துவைத்த பருத்தியும் வாழை இலையும்தான் என்பது அங்கே எல்லா வீட்டிலும் தெரிந்தது. தினம் காலையில் கொல்லையில் போய் இரண்டு தலைவாழை இலை அறுத்து வண்டியில் வைப்பீர்கள். முந்தின நாள் இலையை எடுத்து வந்து அடுக்களையில் போடுவீர்கள். மத்தியானம் நமக்கு அதில்தான் சோறு. முதலில் எனக்கு அந்த இலையில் கை வைக்கவே கூசியது. "ஏங்க, யாருக்கோ எடுத்து வச்ச எலைல நாம திங்கணுமா?" என்றேன். நீங்கள் சிரித்துவிட்டு, "நாம திங்கோம்னா அதுக்கு வேல வரலன்னு அர்த்தம்ளா. நல்லாச் சாப்பிடு" என்றீர்கள். அதற்குப் பிறகு எனக்கு அந்த இலையில் சோறு இறங்கியது.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள் நீங்கள் எல்லாவற்றையும் எடுத்து வீட்டில் வைத்தீர்கள். நம் பிள்ளைக்குப் பரிசம் போடப் போன நாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். பட்டும் பழமும் பூவுமாகத் தாம்பாளங்கள் நம் வண்டியில். அன்றைக்கு எங்கே உட்கார்ந்து மடியில் எதைச் சுமப்பது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கையில், நீங்களே கேன்களை அவிழ்த்தீர்கள். வேட்டிப் பையை எடுத்துக் கட்டிலடியில் தள்ளினீர்கள். "சம்பந்தி வீட்டுக்குப் போறோம். பழைய வேட்டி மூட்டையோட போயி நின்னா என்ன நெனப்பாக? ஒரு நாளைக்குத்தான்." மாப்பிள்ளையின் அப்பா என்ற மிதப்பு உங்கள் முகத்தில் இருந்தது. புதுக் கரைவேட்டி, ஜரிகைத் துண்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதன்முறையாகக் கையை வீசிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

சிவகாசி தாண்டி, தாயில்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் கேட்டது. வண்டி ஒரு முறை உதறியது. கருவேலங்காட்டுக்கு மேல் வெள்ளையும் கறுப்புமாகப் புகை வந்தது. நீங்கள் வண்டியை ஓரங்கட்டினீர்கள். உங்கள் கை தானாகப் பின்பக்கம் போய்த் துழாவியது. அங்கே வாழைப்பழச் சீப்பு இருந்தது. அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நீங்கள் போகிற வரை மறக்க முடியவில்லை, போன பிறகும் முடியவில்லை.

ஒற்றையடிப் பாதையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒரு பெண்ணைச் சாக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். "அண்ணாச்சி, எடுத்துட்டுப் போங்க, இன்னும் உள்ள ஆளு கெடக்கு!" என்று ஒருவன் கத்தினான். நாம் இருவரும் தாம்பாளங்களை அள்ளி ரோட்டோரத்தில் கொட்டினோம். தேங்காய் உருண்டு போனது. தட்டுகளில் பூவுக்கு அடியில் விரித்திருந்த இலைகளை நான் உருவி உருவிப் பின்சீட்டில் பரப்பினேன். துணி? என் சேலை பட்டு. தட்டில் இருந்ததும் பட்டு. நீங்கள் இடுப்பில் இருந்த புது வேட்டியை அவிழ்த்தீர்கள். என் தண்ணீர்ப் பாட்டில் முழுவதையும் அதில் ஊற்றி நனைத்து அந்தப் பிள்ளைமேல் போர்த்தினோம். பட்டாபட்டி டிரவுசருக்கு மேல் ஜரிகைத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தீர்கள். முன்சீட்டில், சத்தத்தில் காது போய், கையைப் பிடித்துக்கொண்டு முனகிய ஒரு பெரியவரை ஏற்றிவிட்டார்கள். எனக்கு இடமில்லை. "நீ இங்கன நில்லு. வந்துருதேன்" என்றீர்கள். நான் சிதறிய பழங்களுக்கு நடுவில் நின்றேன்.

பெண் வீட்டார்தான் தேடி வந்து என்னைக் கூட்டிப் போனார்கள். சம்பந்தி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நல்ல நேரம் போனாப் போகுது. அவுக வரட்டும்" என்று எல்லாரையும் உட்கார வைத்தார். அந்தியில் யாருடைய கைலியையோ கட்டிக்கொண்டு வந்தீர்கள். பரிசம் போட்டோம். அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில எடுத்துக்கிட்டாக" என்றீர்கள். அதோடு சரி. அன்றைக்கு அந்தக் கம்பெனியில் சிலர் செத்துப்போனார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. "ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருவமா?" என்று கேட்டேன்.

"போயி, இல்லேன்னு சொல்லிட்டாகன்னா?"

நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அதன் பிறகு நீங்கள் வேறு ஆள். இரண்டு கேன் நான்கு கேன் ஆனது. வீட்டில் ஒரு பழைய வேட்டியைக் கரித்துணிக்கு எடுக்க விட மாட்டீர்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் வண்டியிடம் போய்ப் பின்னால் ஒரு முறை தொட்டுப் பார்ப்பீர்கள். படுத்த பிறகும் எழுந்து போவீர்கள். "அம்புட்டும் அங்கனதான் இருக்கு, படுங்க" என்பேன். காது கேட்காது. ஈரம் கூடுதலாக இருந்திருந்தால், இலை அகலமாக இருந்திருந்தால் என்று உங்களுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது எனக்குத் தெரியும். ஒரு நாள் ஓட்டிய வண்டியை வருஷக் கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தீர்கள்.

மருமகள் அந்தப் பக்கத்துப் பெண்தானே. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்த புதிதில், மத்தியானம் உங்களுக்குச் சோறு வைத்துக்கொண்டே, "மாமா, அன்னைக்கு நம்ம வண்டியில கொண்டு போனீகள்ல, அந்த..." என்று ஆரம்பித்தாள். நீங்கள் பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டீர்கள். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "எங்கிட்டயும் சொல்லாதத்தா" என்றேன். எனக்குத் தெரிந்தால் என் முகத்திலிருந்து உங்களுக்குத் தெரிந்துவிடும். நல்லதா கெட்டதா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கெட்டதுதான் என்று நாம் இருவருமே முடிவு கட்டிவிட்டிருந்தோம்.

மாசியில் நீங்கள் போனீர்கள். ஒரு நாள் நெஞ்சு வலி, மறுநாள் இல்லை. என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க இனி வீட்டில் யாரும் இல்லை என்று எனக்கு உறைக்கவே இத்தனை மாதம் ஆயிற்று. போன வாரம் மருமகளைக் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். "வாங்கத்தே, நேர்ல போவோம்" என்றாள். பிள்ளை வண்டியை எடுத்தான்.

அந்தப் பெண்ணின் பெயர் முனீஸ்வரி. வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தும் ஒரு கையும் சுருங்கிப்போய் இருக்கின்றன. விரல் இரண்டு மடங்காது. நான் யார் என்று மருமகள் சொன்னதும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "மதினி, அன்னைக்கு அண்ணன ரொம்ப வஞ்சுட்டீகளா?"

நான் எதற்கு உங்களைத் திட்ட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "வழி நெடுக அண்ணன் பேசிக்கிட்டே வந்தாக. கண்ண மூடாத தாயி, எங்க வீட்டம்மாவ நடுரோட்டுல நிப்பாட்டிட்டு வந்துருக்கேன், பூரா பழமும் தெருவுல கெடக்கு, இன்னைக்கு எனக்குப் பூச இருக்குன்னாக. நான் சொன்னா நம்ப மாட்டா, நீ வந்து சாட்சி சொல்லணும், வருவியான்னு கேட்டாக. வாரேன்னு நான் சொல்லணும். சொல்லலன்னா வண்டிய மெதுவாக்கிட்டு மறுபடி கேப்பாக. வருவியா, வருவியான்னு. வாரேன், வாரேன்னு சொல்லிக்கிட்டே போயிச் சேந்துட்டேன். அதச் சொல்லலன்னா நான் கண்ண மூடியிருப்பேன் மதினி."

வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன். அத்தனை தூரமும் பேசிக்கொண்டு போயிருக்கிறீர்கள், அதுவும் என்னைப் பற்றி. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்படியே அழுகையும் வந்தது. அவள் வீட்டு வாசல் என்றும் பார்க்காமல் அழுதேன்.

உடம்பு தேறி ஊர் வரவே அவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வந்ததும் விசாரித்திருக்கிறாள். பரிசம் போட வந்த வீடு என்று தெரிந்து, தாய்வீட்டுக்கு வந்திருந்த நம் மருமகளைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறாள். "எம் பேருல சாட்சி பாக்கி இருக்கு, நான் இருக்கேன்னு அண்ணங்கிட்ட சொல்லிருங்கன்னேன்." அதைத்தான் அன்றைக்கு மருமகள் சோறு வைத்துக்கொண்டே சொல்ல வந்திருக்கிறாள்.

உங்களிடம் கொண்டு சேர்த்தாளா என்று முனீஸ்வரி கேட்டாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "சேந்துருச்சு தாயி, கேட்டு ரொம்பச் சந்தோசப்பட்டாக" என்று நான்தான் சொன்னேன்.

சொல்லிவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முனீஸ்வரி இருக்கிறாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை, அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகப் போகிறது. அந்த வேட்டி போதும், அந்தத் தண்ணீர் போதும், அந்த இலை போதும், அன்றைக்கு நீங்கள் கொண்டுபோனது எல்லாமே போதுமானதாக இருந்தது. இதை உங்களிடம் சொல்லி, உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரே ஒரு நிமிஷம் வேண்டும்.