பிடித்திருந்ததாம்

மார்ச் 3, திங்கள்

எங்கள் மெத்தைக் கம்பெனியை யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வாங்கிவிட்டாராம். அவர் வந்து பார்ப்பதற்குள் நாங்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் கரைகண்டுவிட வேண்டுமாம். தினமும் காலையில் கடை திறக்கும் முன் ஷோரூமில் வகுப்பு. நாற்காலி போதவில்லை என்று விற்பனைக்கு வைத்த மெத்தைகளிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். டீச்சர் பலகையில் 'இடைநிலை இலக்கணம்' என்று எழுதுகிறார். எதிரே கட்டில் கட்டிலாக நாங்கள். ஆஸ்பத்திரி வார்டு தோற்றது.

மேனேஜர் போட்ட சட்டம் இரண்டு. அந்தந்த வாரம் நடத்திய வாக்கிய அமைப்பில்தான் கம்பெனிக்குள் பேச வேண்டும். தமிழில் பேசி மாட்டினால் 'நான் தமிழ் பேசினேன்' என்று தைத்த தலையணையைச் சுமக்க வேண்டும். அடுத்தவர் மாட்டும்வரை அது நம் குழந்தை.

இந்த வாரம் செயப்பாட்டு வினை. இத்தனை வயதுக்கு மேல் எனக்கு இது தேவையா?

மார்ச் 5, புதன்

என் வேலை புகார் மேசை. இன்று ஒரு அம்மா மெத்தையோடு வந்தார். ஸ்பிரிங் வெளியே வந்து அவர் வீட்டுக்காரர் முதுகைக் குத்திவிட்டது.

"யாருங்க இதைத் தைச்சது?"

"இட் வாஸ் ஸ்டிச்ட்," என்றேன். தைக்கப்பட்டது.

"அதான், யாரு?"

தைக்கப்பட்டது, பரிசோதிக்கப்பட்டது, அனுப்பப்பட்டது என்று ஆங்கிலத்தில் அடுக்கினேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், வேறு மெத்தை வாங்கிக்கொண்டு போனார். கம்பெனி வரலாற்றிலேயே குற்றவாளி இல்லாத முதல் புகார் இது என்று மேனேஜர் கைகொடுத்தார்.

டேப் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வீடு வீடாகப் போய்க் கட்டில் அளக்கிறவர். கழுத்தில் எப்போதும் டேப் தொங்குவதால் அதுவே பெயராகிவிட்டது. வகுப்பில் பக்கத்து மெத்தை. அவரைப் பற்றி ஒரு வாக்கியம் மனசுக்குள் எழுதிப்பார்த்தேன்: அவரால் சிரிக்கப்பட்டது, என்னாலும் சிரிக்கப்பட்டது. சிரிப்புக்குச் செயப்பாட்டு வினை கிடையாது என்கிறார் டீச்சர். இங்கே நடந்துகொண்டுதானே இருக்கிறது?

மார்ச் 11, செவ்வாய்

இந்த வாரம் அயற்கூற்று. ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்வது. நன்றாகத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஆறு அங்குல ஃபோம் மெத்தை விடவில்லை, தூங்கிவிட்டேன். எழுந்தபோது பலகை துடைத்திருந்தது. என் மேல் யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். டேப் ஒன்றும் தெரியாதவர்போல அளவு குறித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 12, புதன்

ரிசப்ஷன்காரி வாயில் எள்ளு போட்டால் ஊறாது. நேராக என் மேசைக்கு வந்தாள். ஏற்கெனவே தலையணை சுமந்து நொந்தவள், அதனால் சட்டப்படி இந்த வார ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஹி செட் ஹி லைக்ட் யூ."

யார் என்றேன் கண்ணால். கழுத்தைச் சுற்றி டேப் மாதிரி விரலை ஓட்டிக்காட்டினாள்.

லைக்ட். அந்த 'ட்' காதில் ஆணி அடித்த மாதிரி விழுந்தது. பிடித்திருந்ததாம். *இருந்ததாம்*. எப்போது இருந்தது, எப்போது போனது? இருந்தபோது ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, போன பிறகு தகவல் வருகிறது.

வீட்டில் தங்கச்சியிடம் சொன்னேன். "முடிஞ்சு போனதை எதுக்குக்கா சொல்லி அனுப்பறாரு?" என்றாள்.

"அதைத்தான்டி நானும் கேக்கறேன்."

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நாற்பத்து மூன்று வயதில் ஒரு 'ட்'டுக்காக அழுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்கு அவரைப் பிடிக்கும். இங்கேயாவது எழுதிவைக்கிறேன். ரொம்பப் பிடிக்கும்.

மார்ச் 13, வியாழன்

எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? ரிசப்ஷன்காரியைக் கூப்பிட்டு, "டெல் ஹிம் ஐ லைக்ட் ஹிம் டூ" என்றேன். என் 'ட்'டை அவர் 'ட்'டை விட அழுத்தினேன்.

அவள் போய்ச் சொன்னது பஞ்சு மூட்டைக்குப் பின்னால் இருந்த எனக்குக் கேட்டது. "ஷி செட் ஷி ஹேட் லைக்ட் யூ." இவள் ஏன் ஒரு ஹேட் சேர்க்கிறாள்? வெறுப்பு ஹேட் இல்லை, இறந்தகாலத்துக்கும் பின்னால் போகிற ஹேட். நான் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லையே.

டேப் முகம் சுருங்கிப்போனது. கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 17, திங்கள்

அவர் வெளியூர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்.

இந்த வாரம் நிபந்தனை வாக்கியம். அதுவும் மூன்றாம் வகை, நடக்காமல் போனது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது. கம்பெனி முழுக்கப் பெருமூச்சு. "பால் வந்திருந்தால் டீ வந்திருக்கும்" என்று கேன்டீன்காரர் ஆங்கிலத்தில் அறிவித்தார். அதோடு சரி.

மார்ச் 19, புதன்

மனசு கேட்காமல், வகுப்பு முடிந்ததும் டீச்சரை வாசலுக்கு வெளியே பிடித்தேன். வெளியே தமிழ் செல்லும். 'ஹி செட்' என்று எடுத்துச் சொல்லும்போது, ஒருத்தருக்குப் பிடிப்பது எப்படித் திடீரென்று லைக்ட் ஆகும் என்று கேட்டேன்.

"அது முடிஞ்சுபோனது இல்லைங்க. அவர் சொன்னது முன்னாடி நடந்தது. அதனால எடுத்துச் சொல்லும்போது வினையும் ஒரு படி பின்னால போகும். பிடிச்சது பிடிச்சபடியேதான் இருக்கு."

"இதை எப்ப நடத்தினீங்க?"

"நீங்க தூங்கும்போது."

தலையில் அடித்துக்கொண்டேன். தமிழில் 'பிடிச்சிருக்குன்னு சொன்னார்' என்றால் பிடித்திருக்கிறது, கதை முடிந்தது. இவர்களுக்கு ஏன் காலத்தைப் பிடரியைப் பிடித்துப் பின்னால் தள்ள வேண்டும்? அவர் சொன்னது நிகழ்காலம். நான் சொன்னதுதான் நிஜமான இறந்தகாலம். பாடத்தை ஒழுங்காகக் கேட்டவர் அதை ஒழுங்காகவே புரிந்துகொண்டு ஊரைவிட்டுப் போகிறார்.

மார்ச் 21, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

டேப் பெட்டியோடு விடைபெற வந்தார். மேனேஜர் பக்கத்தில் தலையணையோடு நின்றார். நான் இரண்டு நாளாகக் கோத்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னேன்: நான் தூங்காமல் இருந்திருந்தால், எனக்குப் புரிந்திருக்கும்.

"கரெக்ட்," என்றார் மேனேஜர்.

டேப்பும் ஆங்கிலத்தில் சொன்னார்: நீங்கள் சொல்லியிருந்தால், நான் இருந்திருப்பேன்.

"வெரி குட்," என்றார் மேனேஜர்.

இரண்டு பேரும் பாஸ். பஸ்ஸுக்கு நேரமாகிறது. இந்த இலக்கணத்தில் 'போகாதீங்க' என்று சொல்ல வழியே இல்லை.

"அட, சும்மா இருங்க சார்," என்றேன். "இங்க பாருங்க, எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இப்ப. அன்னிக்குக் கோவத்துல மாத்திச் சொல்லிட்டேன். போகாதீங்க."

மேனேஜர் தலையணையை என் கையில் திணித்தார்.

"எனக்கும் பிடிச்சிருக்குங்க," என்றார் டேப். "போன மாசமும் பிடிச்சிருந்தது, இப்பவும் பிடிச்சிருக்கு."

தலையணை அவர் கைக்குப் போனது.

"அப்புறம் எதுக்கு மாற்றல் கேட்டீங்க?" தலையணை எனக்கு.

"நீங்கதானே முடிஞ்சு போச்சுன்னு சொல்லி அனுப்பினீங்க?" தலையணை அவருக்கு.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. "யாராவது ஒருத்தர் வச்சுக்கங்கய்யா, என்னால முடியல," என்றார்.

கம்பெனியே அவரைத் திரும்பிப் பார்த்தது. ரிசப்ஷன்காரி தலையணையை வாங்கி மேனேஜர் கையில் பத்திரமாக வைத்தாள்.

பஸ் போய்விட்டது. அவர் சீட்டு காலியாகத்தான் போயிருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

வாடகைக்குப் பிடித்த வீட்டில் கட்டில் எந்தப் பக்கம் வரும் என்று இன்று பார்த்தோம். ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, டேப்பை விரித்துக்கொண்டே எதிர்ச் சுவருக்குப் போனார். அங்கிருந்து கேட்டார்: "பிடிச்சிருக்கா?"

டேப்பைக் கேட்கிறாரா, அறையைக் கேட்கிறாரா, தன்னைக் கேட்கிறாரா என்று நான் விசாரிக்கவில்லை.

"பிடிச்சிருக்கு," என்றேன்.