எருமை வாலைப் பிடித்துப் போனவன்

எளாவூர்.

மருமகள் நந்தினிக்கு உன் தாய்மாமன் தணிகைவேல் சொல்லி, பக்கத்து வீட்டு ஜெபா கையால் எழுதுவது. நாங்கள் சுகம். கோயம்புத்தூரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நேற்று உன் போன் ஒரு தரம் அடித்து நின்றதே, அது நான்தான். ஜெபாவைப் போடச் சொல்லிவிட்டு, இது போனில் சொல்கிற விஷயம் இல்லை என்று நானே பிடுங்கி வைத்துவிட்டேன். அதனால்தான் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்த பிள்ளையைத் தூங்கவிடாமல் உட்கார வைத்திருக்கிறேன்.

இந்திரா அம்மாவைச் சுட்ட வருஷம். எம்.ஜி.ஆரை வைத்தியத்துக்கு அமெரிக்கா கொண்டுபோயிருந்தார்கள். ஊரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஐப்பசிக் கடைசியில் புயல் வந்தது. பழவேற்காடு ஏரி பொங்கி நம் நெல் வயல்வரை ஏறிவிட்டது. ஏரி ஓரம் கட்டியிருந்த எருமையை அவிழ்த்துவிடக் கலியன் போனான். என் கூட்டாளி. எருமை வந்தது, அவன் வரவில்லை. உடம்பு கிடைக்காததால் தர்ப்பையில் ஆள் மாதிரி செய்து கரையில் எரித்தோம். பதினாறாம் நாள் அவன் பெண்டாட்டி பூவம்மாளின் தாலியை வாங்கினார்கள்.

இது உனக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. உனக்கு ஆறு வயசில், செவ்வாப்பேட்டையிலிருந்து உன் அம்மா உன்னை லீவுக்கு இங்கே விட்டிருந்தாள். மழை அடித்தது. நீ பயந்து சோறு இறங்காமல் அழுதாய். உன்னைச் சிரிக்கவைக்க என் வாயில் கலியன்தான் வந்தான். இடது கொம்பு ஒடிந்த எருமை, அதை ‘ஹோய் ராணி’ என்று அவன் கூப்பிடும் குரல், எல்லாம் நிஜம். எருமை வாலைப் பிடித்து ஏரியைத் தாண்டி, தீவில் வீடு கட்டி, நண்டுகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறான் என்பது மட்டும் நான் சேர்த்தது. நீ இரண்டு தட்டு சாப்பிட்டாய்.

நீ அதைப் புத்தகமாக்கினாய். ஆள் பேரை மாற்றினாய், எருமையை மாற்றவில்லை. ஆர்.கே.பேட்டைப் பள்ளியில் நீ பேசியதை ஜெபா போனில் காட்டினாள். கடைசியில், ஏரிக்கரைக்குப் போய்க் கூப்பிடுங்கள், அவர் பதில் குரல் கொடுப்பார் என்றாய். அத்தனை பிள்ளைகளும் ஹோய் என்று கத்தின. எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். முகம் கழுவ எழுந்து போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை நீ நம் ஊர்ப் பள்ளிக்கு வருகிறாய் என்று முன்கூட்டியே பிள்ளைகளுக்கு உன் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பூவம்மாளின் பேத்தி ஸ்நேகா அதை உரக்கப் படித்திருக்கிறாள். மறுநாள் காலை பூவம்மாள் என் வாசலில் நின்றாள். நெற்றியில் பொட்டு. இத்தனை வருஷம் கழித்து, ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

“இன்னாண்ணே, கொம்பு ஒடஞ்சது, ஹோய்னு கூப்புடறது, அல்லாம் எங்க ஊட்டுக்காரரு மாதிரியே கீது. உம்மருமவ அவர எங்கினா பாத்துச்சா?” என்றாள். பின்னாலேயே வந்த ஸ்நேகா, “தீவுல சிக்னல் கெடைக்கல ஆயா, அதான் தாத்தா போன் பண்ணல” என்று சிரித்தாள். பூவம்மாள் அவளை அதட்டிவிட்டு என்னையே பார்த்தாள். “உசுரோட கீற மனுசனையா கொளுத்துனீங்க?” என்றாள்.

எனக்குத் தெரியாது, எழுதுகிறவர்கள் எங்கேயாவது கேட்டிருப்பார்கள் என்றேன் நந்தினி. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “அப்ப நானே அந்தப் பொண்ணாண்ட கேட்டுக்கறேன்” என்று போய்விட்டாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் ஏரிக்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். கூப்பிடுகிற சத்தம் என் வீடுவரை கேட்கிறது.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. புத்தகத்தையும் நிறுத்தாதே, அது பயந்த பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். வியாழக்கிழமையே வந்துவிடு. நாம் இரண்டு பேரும் அவள் வீட்டுக்குப் போவோம். சொல்ல வேண்டியதை நானே சொல்கிறேன், நீ பக்கத்தில் நின்றால் போதும். பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகள் நடுவில் எழுந்து நின்று அவள் உன்னைக் கேட்கக் கூடாது. அந்தப் பொட்டை அவள் இன்னொரு தரம் அழிக்கப் போகிறாள், நந்தினி. முதல் தரம் ஊரே கூட நின்றது. இந்தத் தரம் நானாவது நிற்க வேண்டும்.

நீ நூறு வயசு நன்றாயிரு, உன் வார்த்தைக்குப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இருக்கட்டும். அன்றைக்குக் கரையில் நின்று கலியனைக் கூப்பிட்டவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவன் அம்மா போனாள், அண்ணன் போனான், உன் அப்பாவும் போய்விட்டார். நான் அவளிடம் பொய் சொன்னவன், என்னைக் கணக்கில் எடுக்காதே. இன்னும் அவனைக் கூப்பிட இருப்பது பூவம்மாள் மட்டும்தான்.