சிரிப்போடு வெட்டிய காய்ச்சல் படம்

அண்ணே,

பொந்தியானிலிருந்து உங்கள் தங்கச்சி ஒரு தகரப் பெட்டி அனுப்பியிருக்கிறாள். "இதெல்லாம் என்னன்னே எனக்குத் தெரியல மிஸ்ஸி, உங்களுக்குத்தான் தெரியும்" என்று யாரையோ விட்டு எழுதிய சீட்டு ஒன்றும் உள்ளே இருந்தது. உங்கள் மூக்குக்கண்ணாடி, ஒரு கத்தரிக்கோல், பிலிம் ஒட்டுகிற பசைப் போத்தல். போத்தலின் மூடியைத் திறந்தேன். பசை அடியில் காய்ந்துபோய்க் கிடந்தாலும் வாசம் போகவில்லை. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தின் வாசம். ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்த கிழவி ஒருத்தி தலையைத் தூக்கி, "யாரு பழம் வாங்கியாந்தது?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பெட்டியை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு வருஷம் அந்தச் சுகாதார வண்டியில் சுற்றினோம். சிம்பாங் ரெங்கத்திலிருந்து லாபிஸ் வரைக்கும் நாம் போகாத ரப்பர்த் தோட்டம் குறைவு. வண்டி ஓட்டுவதும் நீங்கள், படம் காட்டும் மெஷினைக் கையால் சுற்றுவதும் நீங்கள், சுற்றிக்கொண்டே கதை சொல்வதும் நீங்கள். ஊமைப் படத்துக்கு உங்கள் வாய்தான் பேச்சும் பாட்டும். நான் படம் முடிந்ததும் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுக்கும் நர்சு, சனங்களுக்கு மிஸ்ஸி. கைதட்டல் எல்லாம் உங்களுக்கு, மாத்திரையின் கசப்பெல்லாம் என் கணக்கில். "அந்தம்மா உங்களுக்கு என்ன முறை?" என்று தோட்டத்துக் கூலி வீடுகளான லயத்தில் எவளாவது கேட்டால், "கூடப் பொறக்காத தங்கச்சி. வாயத் தொறந்தா கொயினாதான்" என்பீர்கள். நான் முறைப்பேன். அதற்கும் ஒரு கைதட்டல் விழும்.

நம்மிடம் இருந்தது இரண்டே படம். ஒன்று, யானைகள் ஆற்றில் குளிக்கும் படம். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அந்தத் தோட்டத்துக் கங்காணிகளின் பெயரை யானைகளுக்கு வைத்து, "இன்னாரு முதுகு தேய்க்கிறாரு பாருங்க" என்று சனங்களைச் சிரித்து உருள வைப்பீர்கள். மற்றது காய்ச்சல் படம். வடக்கே ஏதோ ஒரு தோட்டத்தில் எடுத்தது. அதில் வேஷம் கட்டியவர்கள் யாருமில்லை. நிஜமான லயம், நிஜமான தாய், நிஜமான நோய். மூன்று வயசுப் பிள்ளை ஒன்று முதல் நாள் குளிர்க்காய்ச்சலில் நடுங்கும். மறுநாள் காய்ச்சல் விட்டு, தாயின் இடுப்பில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். சரியாகிவிட்டது என்று தாய் வேலைக்குப் போய்விடுவாள். ஆனால் அது ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற முறைக்காய்ச்சல். மூன்றாம் நாள் திரும்ப வந்து பிள்ளையைப் போட்டு உலுக்கும். ஆஸ்பத்திரி வாசலுக்குத் தூக்கி வரும்போது தலை தொங்கிவிட்டிருக்கும். அப்புறம் ஒரு வெள்ளைத் துணி, ஒரு சின்னக் குழி, பக்கத்தில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கும் அந்தத் தாய். அத்தோடு படம் முடிந்துவிடும்.

சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில்தான் அதை முதன்முதலாகக் காட்டினோம். பொழுது சாய்ந்ததும் ரப்பர் ஸ்டோரின் சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டினீர்கள். குழி வந்த இடத்தில் ஒரு பெண் எழுந்து மாரில் அடித்துக்கொண்டாள். அவள் பிள்ளை போய் ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். கொஞ்ச நேரத்தில் படம் பார்க்க வந்த கூட்டம் ஒப்பாரி வைக்கும் கூட்டமாகிவிட்டது. நீங்கள் அவசரமாகப் படத்தை மாற்றினீர்கள். யானைகளை அவிழ்த்துவிட்டும் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கங்காணி வந்து, "காலையில பேரு கூப்புடற பெரட்டுக்கு எவ எந்திரிச்சு வருவா? நல்ல படம் இருந்தா காட்டுங்க, இல்லாட்டிப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வண்டிப் பலகையில் பிலிமை விரித்து வைத்துக்கொண்டு கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தீர்கள்.

"என்ன அண்ணே செய்றீங்க?"

"விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு மரம் சீவப் போற சனம் மிஸ்ஸி. அதுங்கள அழவிட்டுட்டு நாம வண்டியேறிப் போயிடறதா? புள்ள சிரிக்கிற எடத்தோட நிறுத்திக்கலாம். மிச்சத்த நான் வாயால சொல்லிக்கிறேன்."

முதல் வாரம் சொன்னீர்கள். "மறுபடியும் வரும் தாயி, மருந்து குடுக்கிற டிரஸ்ஸர்கிட்டத் தூக்கிட்டுப் போங்க" என்று தொண்டை வற்றச் சொன்னீர்கள். போகப்போக அதுவும் தேய்ந்தது. திரை நிறைய அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்க, "பாத்தீங்களா தாய்மாரே, புள்ள சிரிக்குது" என்று முடித்துவிட்டு யானைக்குப் போய்விடுவீர்கள். நான் தடுத்தேனா? இல்லை. அழுத கூட்டத்துக்கு மாத்திரை கொடுப்பது பெரும்பாடு. சிரித்த கூட்டம் கேட்டதும் வாயைத் திறக்கும். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது அண்ணே. இன்றைக்கு உங்கள் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு நான் நல்லவள் ஆகிவிட முடியாது.

லாபிஸ் தோட்டத்தில் படம் காட்டி மூன்று வாரம் கழித்து மாத்திரை கொடுக்கத் திரும்பப் போனோம். லயத்தில் கடைசி வீட்டு அஞ்சலை ரப்பர்ப் பால்வாளியோடு வாசலில் நின்றாள். உள்ளே பாயில் அவள் மகள் பொன்னி, மூன்று வயசு. தொட்டதும் கை சுட்டது. கண் மேலே செருகியிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். அஞ்சு நாளாக, ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாள். நான் சத்தம் போட்டேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. அவள் அழவில்லை, பதிலுக்குக் கத்தவும் இல்லை. பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல நிதானமாகச் சொன்னாள்.

"மறுநாள் நல்லாச் சிரிச்சு வெளாடுச்சு மிஸ்ஸி. படத்துல அந்தப் புள்ளயும் அப்படித்தானே சிரிச்சுச்சு. நீங்கதானே காட்டுனீங்க."

நீங்கள் என் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை என்பதுதான் சரி.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அஞ்சலையும் நானும் பின்னால் ஏறினோம். செம்மண் பாதையில் வண்டியை நீங்கள் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. ரயில் பாதைக்கு வந்தால் கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது, முடிகிற வழியாக இல்லை. நீங்கள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல் பேசினீர்கள்.

"மிஸ்ஸி, வெட்டுன அந்தத் துண்டு எங்கிட்டதான் இருக்கு. தூக்கிப் போடல. சிகரெட் டின்னுல வச்சிருக்கேன்."

"தெரியும்" என்றேன்.

"இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க."

"அத நான் சொல்ல மாட்டேன் அண்ணே. எனக்குத் தெரியாது."

கேட் திறந்தது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வாசலில்தான் வண்டி நின்றது.

நாலு நாள் பொன்னி கண் திறக்கவில்லை. ஊசி போட்டோம், ஈரத்துணி மாற்றினோம், கரண்டியால் தண்ணீர் ஊட்டினோம். மற்ற தோட்டங்களுக்குப் போகவேண்டிய வண்டி ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தது. பெரிய டாக்டர் கேட்டதற்கு என்ஜின் கோளாறு என்று சொன்னீர்கள். என் முன்னால் நீங்கள் சொன்ன கடைசிப் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, டின்னிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, பழைய இடத்திலேயே ஒட்டினீர்கள். இரண்டு தடவை ஒட்டு விலகியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் சாயங்காலம் பொன்னி கண்ணைத் திறந்து, "ஆத்தா, கஞ்சி" என்றாள். ஓடி வந்து சொன்னேன். நீங்கள் எழுந்து போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்தீர்கள், அது சுத்தமாகத்தான் இருந்தது. அவள் இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு. வாயாடி என்று வாத்தியார் புகார் சொல்கிறார்.

அதே தோட்டத்தில் திரும்பவும் படம் காட்டியது பத்து நாள் கழித்து. கதை சொல்லும் குரலை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் தொடங்கினீர்கள். "போன தடவ இந்தப் படத்துல ஒரு துண்ட நான் வெட்டிட்டேன். நீங்க அழுவீங்கன்னு வெட்டுனேன். அதனால அஞ்சலை புள்ள சாகக் கெடந்துச்சு. இன்னிக்கு முழுசாக் காட்டுறேன். பாக்க முடியாதவங்க கண்ண மூடிக்கிடுங்க. ஆனா எந்திரிச்சுப் போயிடாதீங்க."

சிரிப்பு வந்தது, போனது. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. வெள்ளைத் துணி வந்தது. உங்கள் வாய் திறக்கவில்லை. மெஷின் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அஞ்சலை பொன்னியின் முகத்தைத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டு, தான் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அழுகை வரத்தான் செய்தது. நீங்கள் யானையைப் போடவில்லை. திரைத் துணியை அவிழ்க்கவுமில்லை. விளக்கை வைத்துவிட்டு, சனங்களோடு சனமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். ஒருத்தி தன் பிள்ளை போன கதையைச் சொன்னாள். அப்புறம் இன்னொருத்தி. "அந்தப் படத்து ஆத்தா பேரு என்னாங்க?" என்று ஒரு கிழவர் கேட்டார். "தெரியலங்க" என்றீர்கள். அழுகை தானாக ஓயும்வரை நீங்கள் எழுந்திருக்கவில்லை. அந்தத் தோட்டத்துக் கங்காணியும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

காலையில் டிரஸ்ஸர் கொட்டகை வாசலில் நான் பார்த்ததைச் சாகும்வரை மறக்கமாட்டேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். ஒரு பிள்ளைக்கும் உடம்பு சூடு இல்லை. ஒன்று இன்னொன்றின் முடியைப் பிடித்து இழுக்கிறது, ஒன்று கோழியைத் துரத்துகிறது. எதற்காகத் தூக்கி வந்தீர்கள் என்று கேட்டேன். "நேத்து ஒடம்பு காஞ்சிச்சு மிஸ்ஸி. இன்னிக்குச் சிரிக்குது. அதான் தூக்கியாந்தேன்" என்றாள் முதலில் நின்றவள். நீங்கள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ள, நான் மாத்திரையைக் கரைத்து ஊற்றினேன். பாதியை உங்கள் வெள்ளைச் சட்டையில் துப்பின. அன்றைக்கு நாம் இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் அண்ணே. பசிகூடத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் வயிற்றுக் கட்டியோடு இதே வார்டுக்கு வந்தீர்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் இரண்டு நாள் உங்களிடம், "அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அத்தனையும் பட்ட பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். மூன்றாம் நாள் கதவோரம் நின்று அதையே சொல்லிவிட்டுத் திரும்பினேன். நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"மிஸ்ஸி, இப்படி வந்து ஒக்காருங்க. முழுசாச் சொல்லுங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மழைக்காலம் முடிகிறவரைக்கும்கூட நாள் இருக்காது என்று சொன்னேன். வலிக்குமா என்று கேட்டீர்கள். வலிக்கும், மருந்து இருக்கிறது, நானும் இருப்பேன் என்றேன். போர்வையை இழுத்து நேராக்கிக்கொண்டீர்கள். பிறகு, "சரி, தங்கச்சிக்கு ஆள் அனுப்புங்க" என்றீர்கள்.

அவள் நெத்திலிச் சம்பலும் கையுமாக வந்து சேர்ந்தாள். பன்னிரண்டு நாள் கிடைத்தது. சின்ன வயசில் தோணியைக் கவிழ்த்தது யார் என்று நீங்கள் இரண்டு பேரும் தினமும் சண்டை போட்டீர்கள். வார்டே சிரித்தது. இன்னும் இரண்டு வாரம் நான் மறைத்திருந்தால் அவள் உங்கள் சாவுக்குத்தான் வந்திருப்பாள். உங்களை நினைத்தால் எனக்கு வருத்தத்தைவிட நிறைவுதான் அதிகம். அதற்கு அந்தப் பன்னிரண்டு நாள் காரணம்.

நேற்று ஓர் இளம் புருஷன் வந்து, தன் பெண்சாதிக்கு எப்படியிருக்கிறது என்று கேட்டான். நல்ல செய்தி இல்லை. உட்கார்ந்து, அவனையும் உட்கார வைத்து, ஒன்றையும் விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் எழுந்து போக நர்சுக்கு எப்போதும் ஏதாவது வேலை இருக்கும். எனக்கும் இருந்தது. நான் போகவில்லை அண்ணே. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவளப் பாக்கலாமா?" என்று கேட்கும்வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.