நோயற்றவர் என்று எழுதிய குடுவை

சிதம்பரம்
20.1.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் இளவரசியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டையாகிவிடுகிறது. பொங்கலன்று நீங்கள் போனை வைத்த வேகத்தில் என் காது இன்னும் வலிக்கிறது. அதனால்தான் இந்தக் காகிதம். இதில் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே வர முடியாது. உங்களுக்குக் கஷ்டம்தான்.

பொங்கலுக்கு வராதது என் தப்பு. ஆனால் செல்களுக்குப் பொங்கல் தெரியாது, உதவியாளரும் அந்த வாரம் லீவு. இரண்டு நாளுக்கு ஒருமுறை பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றாவிட்டால் செத்துப்போகும். குடுவையில் வளர்வது யாருடையது என்று மறந்துவிடாதீர்கள். உங்கள் தங்கை இளவரசியின் கையிலிருந்து மிளகளவு எடுத்த தோல். அவள் தசை ஏன் இப்படித் தளர்ந்துபோகிறது என்று அந்தச் செல்களைக் கேட்டபடிதான் நான்கு வருடமாக இந்த ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இளவரசி கேட்டால் இதைச் சொல்லுங்கள். செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் சின்னப் பைகள் உண்டு. ஆறு மணி நேரம் பட்டினி போட்டால் நல்ல செல் தன் குப்பையைத் தானே தின்று பிழைத்துக்கொள்ளும். அவளுடைய செல் தின்பதில்லை, குப்பை அப்படியே தேங்கி நிற்கிறது. இதுவரை விலைக்கு வாங்கிய செல்களோடு ஒப்பிட்டேன். அது போதாது, சொந்தத்தில் நோயில்லாத ஒருவருடைய தோல் வேண்டும் என்று ஆய்விதழிலிருந்து கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு யாரும் ஆள் தேடுவதில்லை, ஆய்வு செய்கிறவளே கையை நீட்டிவிடுவாள். இளவரசிக்கு நான் அண்ணி மட்டுமா, அத்தை மகளும்தானே. ஐப்பசியில் கொடுத்தேன். என் பெயரை எழுதி, கீழே ‘நோயற்றவர்’ என்று ஒட்டியிருக்கிறேன்.

கட்டுரை முடிந்ததும் வந்துவிடுகிறேன். குழந்தை விஷயமும் அதற்குப் பிறகு பேசலாம். இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
செல்வி


கடலூர் முதுநகர்
2.2.2024

அன்புள்ள செல்விக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கோர்ட்டு நோட்டீஸாண்ணே?” என்றார். “இல்ல, பொண்டாட்டி லெட்டரு” என்றேன். “ரெண்டும் ஒண்ணுதான்” என்று சிரித்துக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐஸ் பிளான்ட்டில் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. கட்டி பாதி உறைந்த நிலையில் உடைகிறது. மீன்பிடி போட்டுக்காரர்கள் திட்டுவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் இளவரசி காத்திருக்கிறாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டும் நிற்க முடியவில்லை. குளிக்க வைக்கப் பக்கத்து வீட்டு அக்கா வருகிறார், ஆனால் குளியலறைவரை தூக்கிக்கொண்டு போவது நான்தான். தூக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நானும் திருப்பிக்கொள்கிறேன்.

நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். “என் செல்லு பட்டினி கெடக்குதாண்ணா?” என்று கேட்டாள். ஆறு மணி நேரம்தானாம் என்றேன். “அப்புறம் சோறு போட்டுடுவாங்களா?” என்றாள். போடுவாள், அதற்குப் போட்ட பிறகுதான் நமக்கெல்லாம் என்று சொன்னேன். கோபத்தில் சொன்னதுதான்.

கட்டுரை முடியட்டும் என்கிறாய். போன வருடமும் இதையேதான் சொன்னாய்.

அறிவழகன்


சிதம்பரம்
18.3.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாம் பாழாகிவிட்டது. என் செல்களைப் பட்டினி போட்டேன். அவையும் தின்னவில்லை. இளவரசியின் செல்லைப் போலவே குப்பை தேங்கி நிற்கிறது. நான்கு முறை செய்து பார்த்துவிட்டேன். குடுவை மாறியிருக்கிறது, வேறு என்ன? இரண்டு குடுவையும் ஒரே அளவு, பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. எங்கள் உதவியாளர் அந்தோணிசாமிதான் நான் ஊரில் இல்லாதபோது திரவம் மாற்றுகிறவர். எல்லோர் முன்னாலும் அவரிடம் கத்திவிட்டேன். என் அப்பா வயது அவருக்கு. “ஒண்ண மூடி வச்சிட்டுதான் மேடம் இன்னொண்ண தொடுவேன். இருவது வருசமா அப்படித்தான்” என்றார். பேராசிரியர் அவரைக் கண்ணாடிச் சாமான் கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்.

கைரேகைபோல ஒவ்வொருவர் செல்லுக்கும் ஓர் அடையாளம் உண்டு. இரண்டு குடுவையிலிருந்தும் எடுத்துப் பெங்களூரில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மாறியது உறுதியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வருடம் போய்விடும். மாமா, எனக்கு அலுத்துவிட்டது. கண் எரிகிறது. ஆனால் இப்போது விட்டுவிட்டு வந்தால் நான்கு வருடமும் வீண்.

உங்கள்
செல்வி


கடலூர் முதுநகர்
3.4.2024

செல்விக்கு,

இன்னும் ஒரு வருடமா?

ஞாயிற்றுக்கிழமை தங்கராசு பெரியப்பா வந்திருந்தார். “கல்யாணமாகி ஏழு வருசமாச்சு. அவ ஒரு ஊருல, நீ ஒரு ஊருல. இது குடும்பமாடா? சித்திரைக்குள்ள வரச் சொல்லு. இல்லன்னா முறையா எழுதி வாங்கிட்டு வேற பாரு” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். திறக்கத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

குடுவை மாறினால் உனக்கு முதலிலிருந்து தொடங்கத் தெரிகிறது. எனக்கு முதல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சித்திரை முடிவதற்குள் ஒரு பதில் எழுது. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ.

அறிவழகன்


சிதம்பரம்
10.5.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சித்திரை முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. பதில் எழுதிவிடுகிறேன்.

குடுவை மாறவில்லை. இளவரசி என்று எழுதியிருப்பது இளவரசியுடையதுதான். என் பெயர் எழுதியிருப்பது என்னுடையதுதான். ஒன்றில் ஒன்று கலக்கவும் இல்லை. அந்த அறிக்கையைப் பார்த்ததும், ஐயோ தப்பு நடந்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். ஆய்வு செய்கிறவள் தன் ஆய்வில் தப்பு வரவேண்டும் என்று வேண்டினேன் மாமா. அப்புறம் யாரிடமும் சொல்லாமல் என் ரத்தத்தையும் அனுப்பினேன். நேற்று முடிவு வந்தது. இளவரசிக்கு அப்பா வழியில் ஒன்றும் அம்மா வழியில் ஒன்றுமாக வந்த அதே மரபணுப் பழுது எனக்கும் இருக்கிறது, இரண்டு வழியிலும்.

மூன்று தலைமுறையாக வெளியில் பெண் கொடுக்காத, எடுக்காத குடும்பம் நம்முடையது. முதலில் எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மைக்ராஸ்கோப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு ஒன்றும் இருக்காது என்ற நினைப்பு. யாரையும் கேட்காமல், எதையும் பார்க்காமல், என் கையாலேயே நோயற்றவர் என்று எழுதி ஒட்டினேன்.

அந்தோணிசாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அறிக்கையையும் சொன்னேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். “நானே மாத்தி வச்சிட்டேன்னு எழுதிக் குடுக்கட்டுமா மேடம்?” என்றார். அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கும் அந்தப் பழுதில் ஒன்று இருக்கலாம், இருந்தால் பிறக்கும் குழந்தைக்கும் இந்த நோய் வரலாம், அதைப் பார்க்காமல் குழந்தை பற்றிப் பேச முடியாது. ஏற்கெனவே ஒருத்தியைத் தூக்கித் தூக்கி உங்கள் இடுப்பு போய்விட்டது. என்னையும் தூக்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியப்பா சொன்னபடி செய்யுங்கள். காகிதத்தை அனுப்பினால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். கோபம் இருக்காது, சத்தியமாக. வேலையை மட்டும் விட மாட்டேன்.

செல்வி


கடலூர் முதுநகர்
15.5.2024

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை இளவரசி என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள்.

எனக்குத் தெரியும் செல்வி. போன வருடம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கும்போது உன் இடது செருப்பு கழன்றுகொண்டே இருந்தது. வார் லூசு என்றாய். அன்றைக்கே புதுசு வாங்கித் தந்தேன், அதுவும் கழன்றது. இளவரசிக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. உனக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் வீட்டுக்கு வராமல் ஒளிகிறாய், குழந்தையைத் தள்ளிப்போடுகிறாய் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறை போன் போடும்போதும் அதைக் கேட்கத்தான் வாயெடுப்பேன். கேட்கப் பயந்து, பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்று சண்டை போட்டேன். உனக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை படித்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று இருந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

தைரியமாக எழுத வரவில்லை. பயமாக இருக்கிறது. களைப்பாகவும் இருக்கிறது. நேற்று இளவரசியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். “அண்ணியையும் சேத்துத் தூக்கணும்னா இப்பவே ஜிம்முல சேந்துடுண்ணா” என்றாள். உன் கடிதம் வந்த பிறகு அப்போதுதான் சிரித்தோம்.

காகிதம் எதுவும் அனுப்பப்போவதில்லை. பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன், இனி அந்தப் பேச்சை எடுத்தால் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவேன் என்று. நீ இங்கே வரவேண்டாம். நாங்கள் அங்கே வருகிறோம். காலையில் பிளான்ட்டைத் திறந்து பார்த்துக்கொள்ள, கூட வேலை பார்க்கும் லூர்துசாமி ஒத்துக்கொண்டான். நான் பஸ்ஸில் போய்வருகிறேன். இத்தனை நாள் உன்னைத்தானே போய் வரச் சொன்னேன்.

ஆனிக்குள் வீடு பார். உன் ஆய்வகத்துக்குப் பக்கத்தில், கீழ்வீடாக, வாசலில் ஒரு படிகூட இல்லாமல். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டால் வீட்டில் ஒருத்தருக்கு நடக்க முடியாது என்று சொல்லாதே. இரண்டு பேருக்கு என்று இப்போதே சொல்லிவிடு. பின்னால் தெரிந்து காலி செய்யச் சொன்னால், இன்னொரு முறை சாமான் தூக்க என்னால் முடியாது.

உன்
அறிவழகன்