முழம், சாண், விரல்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் ஒரே தங்கை, நம் கூட்டம் முழுவதும் அறிந்த வாயாடி எழுதுகிறேன். குவாரி லாரி ஓட்டுநர் நேற்று மாலை வந்து நீ கொடுத்தனுப்பிய வரைபடத்தைத் தந்துவிட்டுப் போனார். நீ இருக்கும் உயரத்தில் போன் எடுக்காததில் ஒரு நன்மை, உன் கையெழுத்தையாவது பார்க்க முடிகிறது. அது இன்னும் கோழி கிளறிய மாதிரிதான் இருக்கிறது. பாறையை அளந்து அளந்து கோடு போடுகிறவனுக்கு எழுத்து மட்டும் ஏன் இப்படியோ!

வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்துப் பார்த்தோம். இந்த வருஷ மலைப் பயணத்துக்கு நான்கு வண்டி, எட்டுப் பேர், மூன்று நாள். முன்னால் நீ, அடுத்து பல் டாக்டர், அவருக்குப் பின்னால் வாத்தியார், கடைசியில் வின்ச்சோடு உன் மாப்பிள்ளை. யார் மாட்டிக்கொண்டாலும் இழுத்துவிட அவரை விட்டால் ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை மனுஷர்.

அப்புறம்தான் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தோம். இந்த முறை இடது சீட்டில் மாற்றம், நான் உன் வண்டியில், அண்ணி அவர் வண்டியில். என் வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று காரணம் வேறு. போன வருஷம் கொண்டை ஊசி வளைவில் நான் தப்பாகச் சொல்லி, பின் சக்கரம் விளிம்புக்கு வெளியே தொங்கியதை நீ மறக்கவில்லை என்று தெரிகிறது. நான் மட்டும் மறந்துவிட்டேனா?

அண்ணிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். உன் வண்டியில் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறதாம், அவர் ஓட்டினால் தொட்டிலில் படுத்த மாதிரி இருக்குமாம். இரண்டு தெரு தள்ளித்தானே வீடு, உடனே வந்து சட்டமெல்லாம் சொல்லிக்கொடு என்று உட்கார்ந்துவிட்டார். நீ போட்ட சட்டத்தை உன் மனைவிக்கே நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது! இத்தனை வருஷமும் உன் பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாராம். டயருக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் “முழம்”, போய்க்கொண்டே இருக்கலாம். அது குறைந்தால் “சாண்”, வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். “விரல்” என்றால் அந்த இடத்திலேயே பிரேக். நடுவில் வேறு பேச்சே கூடாது. அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அண்ணா, வேடிக்கை போதும். என்னை அவர் பக்கத்திலேயே உட்கார வை. பத்து வருஷப் பழக்கம், எனக்கு வேறு வண்டியில் உட்கார்ந்தால் கை கால் ஓடாது. உன் தங்கச்சி கேட்டு நீ இல்லை என்றது கிடையாது, ஞாபகம் வைத்துக்கொள். அவர் அந்தப் பொடி எழுத்தைப் படித்ததும் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, காலையில் கழுவிய வண்டியை மறுபடியும் கழுவப் போய்விட்டார்.

வெயிலில் தொப்பி போடு. பதிலை வெள்ளிக்கிழமை லாரியிலேயே அனுப்பு.

உன் அன்புத் தங்கை


வெள்ளிக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் நான்கு வரிப் பதில் வந்தது. அண்ணி மேல் எனக்குப் பொறாமையா? நல்லா இருக்கு நியாயம். பொறாமைப்பட அந்தச் சீட்டில் என்ன சிம்மாசனமா போட்டிருக்கிறது? பத்து வருஷமாக முதுகு ஒடிந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, புழுதி தின்றவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று காலை அவர் வேலை செய்கிற சிலிண்டர் கிடங்கின் பின்முற்றத்தில் ஒத்திகை. முதுகுவலி என்று சொல்லி வண்டி ஓட்டுவதை விட்டு எடைமேடைக்கு மாற்றிக்கொண்டாரே, அதே கிடங்குதான். விடுமுறை நாள் என்பதால் காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார். காலி பெயின்ட் டப்பாக்கள் பதினான்கை வளைவாக அடுக்கி, அதுதான் விளிம்பு என்று வைத்துக்கொண்டார்கள். அண்ணி இடது சீட்டில். நான் எடைமேடை மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணியின் சுபாவம் உனக்குத் தெரியாததா? வாயில் அதட்டலே வராது. சாண் என்று கத்த வேண்டிய இடத்தில் “கொஞ்சம் பாத்துப் போங்கண்ணா” என்கிறார். விரல் என்று அலற வேண்டிய இடத்தில் “அய்யோ, பரவாயில்லண்ணா” என்கிறார். ஒன்பது டப்பா நசுங்கியது. பத்தாவதைத் தாண்டும்போது வண்டி நேராகக் கிடங்குச் சுவரின் முனைக்குப் போனது. நான் மேலிருந்து விரல், விரல் என்று தொண்டை கிழியக் கத்தினேன். இடது பக்கக் கண்ணாடி சுக்குநூறாக உடைந்து அண்ணி மடியில் விழுந்தது. நல்லவேளை, கீறல்கூட இல்லை. அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். மாப்பிள்ளை வேண்டுமென்றே தன்னைப் பயமுறுத்திப் பார்த்தார் என்று நினைத்துக்கொண்டார்.

வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்றார் அவர். மணி எட்டு. வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அண்ணா, மூன்றாம் நாள் பாதையை நீ சிவப்பு மையில் போட்டிருக்கிறாய். பதினொரு கிலோமீட்டர், ஒரு வண்டி அகலம், இடது பக்கம் பூராவும் பள்ளம். அங்கே டப்பாவும் இல்லை, சுவரும் இல்லை. அந்தச் சீட்டில் பயந்த சுபாவமுள்ள உன் மனைவியை உட்கார வைக்காதே. இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்காதே. உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

அண்ணி உனக்கு இரண்டு கம்பளிச் சட்டை கொடுத்திருக்கிறார், லாரியில் வருகிறது.

தங்கை


செவ்வாய்க்கிழமை

அண்ணா,

உன் பதில் சனிக்கிழமையே கிடைத்துவிட்டது. சரி, நீயே உட்கார், அழாதே என்று எழுதிவிட்டாய். அண்ணியும் முகம் சுளிக்காமல் விட்டுக்கொடுத்துவிட்டார். கேட்டது கிடைத்துவிட்டது. நான் இப்போது நிம்மதியாகத் துணி மடித்துப் பெட்டி கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவர் வேலைக்குப் போன கையோடு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். நீ வியாழக்கிழமை கிளம்பி நேராக மலையடிவாரத்துக்குப் போகிறாய். உன்னிடம் வந்து சேரும் கடைசி லாரி இன்றையதுதான். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு இடது கண் தெரியாது. இரண்டு வருஷமாகவே தெரியாது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, திரும்ப வராது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். முதுகுவலி என்பதெல்லாம் கட்டுக்கதை. கிடங்கு வண்டியைத் தொடக்கூடாது என்று தானாகவே இறங்கி எடைமேடைக்குப் போனார், அந்த அளவுக்கு நேர்மையானவர்தான். ஆனால் இந்த மலைப் பயணத்தை மட்டும் விட மாட்டேன் என்றார். உன் அண்ணனுக்கு இது தெரிந்தால் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும் என்றார். என் கையை அவர் தலை மேல் வைத்துச் சத்தியம் வாங்கினார். கொடுத்தேன். இன்று அதை உடைக்கிறேன். அதன் பாவம் என்னோடு போகட்டும்.

போன வருஷம் வளைவில் நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவே இல்லை. தாகமாக இருந்தது, பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தேன். வாய் மூடியிருந்தது அவ்வளவு நேரம்தான். அதற்குள் சக்கரம் வெளியே போய்விட்டது. நீங்கள் எல்லோரும் ஓடி வந்து கயிறு கட்டி இழுத்தபோது, நான் முழம் என்று தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன். பல் டாக்டர் இன்னும் அதை வைத்து என்னைக் கேலி செய்கிறார். உன் மாப்பிள்ளையும் சேர்ந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் மட்டும்தான் தாங்கிக்கொள்ள முடியும் அண்ணா, ஏனென்றால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவர் என் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றது எனக்குத்தான் தெரியும். என் பொய்யை நீ நம்பினாய். நம்பியதால்தான் என்னைத் தூக்கிவிட்டு அண்ணியை வைத்தாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயே இல்லை.

சீட்டு திரும்பக் கிடைத்ததும் இதையெல்லாம் முழுங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். உண்மையைச் சொல்லாமலே அண்ணியைக் காப்பாற்றிவிட்டேன், என் உயிர் போனால் போகட்டும் என்று ஒரு வீறாப்பு. நேற்று முன்தினம் அவரும் நானும் மட்டும் ஒத்திகைக்குப் போனோம். நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். இடது பக்கம் ஒரு டப்பாகூட நசுங்கவில்லை. பெருமையோடு இறங்கி வந்து பார்த்தால், வலது பக்கம் நிறுத்தியிருந்த தள்ளுவண்டியை உரசிக்கொண்டு வந்திருக்கிறார். அவருக்கு அது அங்கே நின்றதே தெரியவில்லை. வலது கண்ணிலும் ஓரங்கள் போக ஆரம்பித்துவிட்டன. எத்தனை நாளாக என்று கேட்டேன். டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி வைத்துவிட்டு, ரொம்ப மெதுவாக, “மலைக்குப் போறப்போ தண்ணி பாட்டில் எடுத்துக்காத, என்ன?” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் தும்மினால் போச்சு. புரை ஏறினால் போச்சு. முன்னால் வாத்தியார் வண்டி சரிவில் நிற்கும்போது, பின்னால் இவர் பிரேக்கை ஒரு நொடி தாமதமாக மிதித்தால் வாத்தியாரும் அவர் மனைவியும் போச்சு. இத்தனை பேரையும் என் ஒரு வாயில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நான் வர மாட்டேன். வரக்கூடாது.

அந்தப் பாதையைக் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவேன் என்கிறார். ஓட்டவும் செய்வார். ஆனால் பாதை போன வருஷம் இருந்த மாதிரியே இருக்காதே. மழையில் சரிந்த இடங்களை நீயே வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறாய்.

அவரிடமிருந்து சாவியை நீதான் வாங்க வேண்டும். நான் வாங்கிப் பார்த்தேன், பிடுங்கிக்கொண்டார். நான் மனைவி, என்னிடம் கோபப்படலாம். உன்னிடம் அவரால் முடியாது. மற்றவர்களிடம் என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதே. இரண்டு வருஷம் பொய் சொல்லிக் களைத்துவிட்டேன், புதிதாக ஒன்று கட்ட என்னிடம் தெம்பு இல்லை. அடிவாரம் வரை இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலை, அதற்குக் கிடங்கு ஓட்டுநர் ஒருவரைப் பேசிவிட்டேன். பாரம் அதிகம், முதுகுவலிக்கு ஆகாது என்று காரணம் சொல்லியிருக்கிறேன். பார், கடைசியிலும் ஒரு பொய்.

மாலையில் லாரி தெருமுனையைத் தாண்டியதும் அவரிடம் சொல்லிவிடுவேன். முன்னாலேயே சொன்னால் லாரியை மறித்து இதை வாங்கிவிடுவார், தெரியும். அப்புறம் என்னோடு பேசாமல் இருந்தால் இருக்கட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வர மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் இழுத்துக்கொண்டு வருவேன். உன் சிநேகிதன் என்று சொல்லித்தானே எனக்குக் கட்டிவைத்தாய்? எனக்கு முன்பே உனக்குச் சொந்தமானவர். அவருக்குச் சிநேகிதன் என்று இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான் அண்ணா.

அடிவாரத்தில் வண்டி நின்றதும் நீ அவர் பக்கம் வா. வலது பக்கமாகவே வா, இடது பக்கம் வந்தால் தெரியாது. எல்லோரும் பார்க்க அவர் தோளில் எப்போதும் போல் கையைப் போடு. கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிக்கொண்டு போ. சாவியை அப்புறம் கேள்.

தங்கை