பாட்டை எடுத்துவிட்டு அனுப்பு

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

போனில் கூப்பிட்டால் உன் உதவியாளர்தான் எடுக்கிறார். "சார் ஷூட்டிங்ல இருக்காரு, நீங்க யாரு பேசறது?" என்கிறார். அக்கா என்று சொன்னால், "எந்த அக்கா?" என்கிறார். அவர்மேல் தப்பில்லை. நீ சொல்லியிருந்தால்தானே அவருக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். நாலாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். திருத்துவதுதானே உன் தொழில்.

அத்தான் போன அன்று உன் கார் தெருமுனையில் நின்றதைப் பார்த்தேன். கண்ணாடி கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறிவிட்டது. நீ இறங்கி வந்திருக்கலாம் தம்பி. யாரும் உன்னை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கிற உரிமை உள்ளவர் ஒருத்தர்தான், அவரும் படுத்திருந்தார். எழுந்திருந்தாலும் "வா மாப்ளே, சாப்டியா?" என்றுதான் கேட்டிருப்பார்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. நான் முன்னறையில் தைக்கிறேன். பின்னறை பூட்டிக் கிடக்கிறது. அவர் அங்கே ரம்பம் போட்டால் மரத்தூள் பறந்து வந்து என் துணியில் எல்லாம் படியும். "வெள்ளைத் துணி தைக்கிற அன்னைக்குப் பாத்துத்தான் அறுப்பீங்களா?" என்று கத்துவேன். இப்போது துணியை உதறினால் ஒன்றும் விழுவதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த விடுமுறை நாள் நிகழ்ச்சி, "நிலா வீட்டு விருந்து", உன்னிடம் இருக்கிறதா? எனக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அந்தப் பெயரைச் சொன்னாலே நீ எழுந்து போய்விடுவாய் என்று தெரியும். இப்போதும் எழுந்திருப்பாய். பரவாயில்லை, ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி. அன்றைக்கு நான் பக்கத்து வீட்டு டிவியில்தான் பார்த்தேன். நிலா சரிந்ததும் நான் போட்ட கூச்சலில் அதற்கு மேல் எதுவும் என் காதில் விழவில்லை. அப்புறம் அதை யாரும் போட்டுக் காட்டவும் இல்லை. நான் தைத்த கரடி வேஷத்தின் தலை இன்னும் அலமாரி மேல் இருக்கிறது. அத்தான் அதில் பென்சில் போட்டு வைத்திருந்தார்.

பதில் போடு.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 19

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தான் மறைவு எனக்கு மிகுந்த வருத்தம். அன்று அவசர வேலை இருந்தது, இறங்க முடியவில்லை.

நீ கேட்டது என்னிடம் இல்லை. இருந்தாலும் அதை நீ பார்க்க வேண்டாம். உனக்கு அது அத்தான் நடித்த நிகழ்ச்சி. எனக்கு அது என்ன என்று உனக்குத் தெரியாது.

நேரடி ஒளிபரப்பு. விடுமுறை நாள், வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம். நிலா இறங்கி வந்து குழந்தைகளோடு விருந்து சாப்பிட வேண்டும், அதுதான் கதை. இறங்க வேண்டிய நிலா பாதியில் சிக்கி, ஒரு பக்கமாகச் சரிந்தது. குழந்தைகள் அலறினார்கள். பாடகி நிறுத்தவே இல்லை, வேறு ஏதோ சுருதியில் பாடிக்கொண்டே இருந்தார். கரடியாக வரவேண்டிய நடிகருக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில், செட்டில் தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த உன் கணவரை உள்ளே நுழைத்திருந்தோம். அவர் கரடித் தலையைக் கழற்றி வைத்துவிட்டு, நிலாவை முதுகில் தாங்கிக்கொண்டு, நாடே பார்க்க, "அழாதீங்க கண்ணுங்களா, நான் கரடி இல்ல, தச்சன்" என்றார்.

அந்த ஒரு வரி என்னை விட்டுப் போகவே இல்லை. பஸ்ஸில், டீக்கடையில், பத்திரிகைத் துணுக்கில் எல்லாம் அதுதான். போன வருடம் எனக்கு விருது கொடுத்த மேடையிலும் பின்வரிசையில் எவனோ அதைக் கத்தினான். நல்லதாக எவ்வளவோ எடுத்தேன், யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

டிவி நிலையத்தில் இருந்த வீடியோ நாடாவைக் கேட்டு வாங்கி எரித்துவிட்டேன். எரித்தே விட்டேன்.

வேறு என்ன உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேள்.

தம்பி

*

ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

எரித்துவிட்டேன் என்று ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். இரண்டு தடவை எழுதிவிட்டாய். சின்னதில் மேலுதட்டில் பால் மீசையோடு நின்றுகொண்டு, "நான் பால குடிக்கல, குடிக்கவே இல்ல" என்பாய். அம்மாவுக்கு அந்த இரண்டாவது "இல்ல" போதும், "டேய் வாலு" என்று கரண்டியை எடுத்துவிடுவாள். வீட்டில் எல்லோருக்கும் நீ வாலுதானே. நீ பெரிய டைரக்டர் ஆகிவிட்டாய், பொய் சொல்கிற விதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, எதற்குக் கேட்கிறேன் என்று சொல்கிறேன். சொல்லாமல் கேட்டது என் தப்பு.

அவருக்குத் தொண்டையில் கட்டி என்று அறுத்தார்கள் இல்லையா, கட்டியோடு குரலையும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் இருந்த காலமெல்லாம் சத்தமில்லாமல்தான் இருந்தார். முதலில் சிலேட்டில் எழுதிக் காட்டினார். அவருக்கு எழுத அலுப்பு, எனக்குப் படிக்க அலுப்பு. போகப் போக அவர் உதட்டைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொண்டேன். அடுப்படியில் நின்றபடியே சண்டை போடுவோம். "மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்பிட்டுப் பேசுங்க" என்பேன். ரொம்பக் கோபம் வந்தால் வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு திட்டுவார். தோள் ஆடுகிற ஆட்டத்திலேயே திட்டு எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இப்போது அவரை நினைத்தால் முகம் வருகிறது. உதடு அசைகிறது. சத்தம் வரமாட்டேன் என்கிறது தம்பி. கல்யாணம் ஆனதிலிருந்து என்னை அவர் "டைலரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அதை எப்படிக் கூப்பிடுவார் என்று யோசித்துப் பார்க்கிறேன். வார்த்தை தெரிகிறது, குரல் தெரியவில்லை. நானே சொல்லிப் பார்க்கிறேன், என் குரலில்தான் கேட்கிறது.

எங்களிடம் இருந்தது பட்டன் போன். அவர் பேசுவதை யார் பதிந்து வைத்தார்கள்? எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிற மனுஷன், கொஞ்ச நேரம் வாயை மூடினால் தேவலை என்றுதான் இருந்தேன். அவர் குரல் இந்த உலகத்தில் இருக்கிற ஒரே இடம் உன் நிலா வீடுதான்.

இன்னொன்று. உன் புது வீட்டு விருந்துக்கு நாங்கள் வந்திருந்தோம். பெரிய மனுஷர்கள் நடுவில் அவர் கரடிக் கதையை ஆரம்பித்துவிட்டார். உன்னைக் கேவலப்படுத்த இல்லை, "என் மச்சினன் எடுத்தது" என்று பெருமையாகத்தான் சொன்னார். யாரோ உன்னிடம், "யாரு சார் இவரு, உங்க சொந்தமா?" என்று கேட்டார்கள். நீ, "செட்ல வேல பாத்தவரு" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, நான் தச்சன்" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வரும்போது பஸ்ஸில் நான்தான் அழுதேன். "விடு டைலரம்மா, அவன் நெலம அவனுக்கு" என்றார். அதற்கப்புறம் நீயும் கூப்பிடவில்லை, நாங்களும் வரவில்லை.

சொல்லிக் காட்ட இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் சொல்லிக் காட்டவும்தான்.

நாடாவைத் தேடி எடு.

அக்கா

*

ஜூலை 20

அக்காவுக்கு,

ஒரு பிரதி இருந்தது. எறியவும் மனசு வரவில்லை, பார்க்கவும் மனசு வரவில்லை.

இத்துடன் ஒரு பென் டிரைவ் அனுப்பியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் போட்டால் ஓடும். நாடா படுமோசமாக இருந்தது. அத்தான் வரும் பகுதியை மட்டும் எடுத்து, நிறத்தைச் சரிசெய்து, நிலா சரிவதை வெட்டச் சொல்லியிருக்கிறேன். அவர் முதலில் பேசுவது அப்படியே இருக்கிறது, தெளிவாகக் கேட்கும். அந்த இன்னொரு வரியை எடுத்துவிட்டோம், நீ புரிந்துகொள்வாய். அதற்குப் பிறகு ஒரே இரைச்சல், அதனால் ஒலியை எடுத்துவிட்டு மெதுவாக வயலின் சேர்த்திருக்கிறோம். என் எடிட்டர்தான் உட்கார்ந்து செய்தார். என்னால் சத்தத்தோடு பார்க்க முடியவில்லை.

பார்ப்பதற்குக் கண்ணியமாக வந்திருக்கிறது. அத்தானும் நன்றாக இருக்கிறார். உனக்குப் பிடிக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

பார்சல் வந்தது. எரித்ததை எப்படி அனுப்பினாய் என்று கேட்கமாட்டேன்.

மாடி வீட்டு நர்ஸம்மா அவள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து என் தையல் மேஜைமேல் வைத்துப் போட்டாள். அத்தானுக்கு ஊசி போட்டவள் அவள்தான், ஆனால் அவர் பேசிக் கேட்டதில்லை. கரடி உடம்பும் மனுஷத் தலையுமாக அவர் வந்து நின்றார். "அழாதீங்க கண்ணுங்களா" என்றார்.

அதே குரல். கொஞ்சம் மூக்கால். அவர் மூக்கால் பேசுவார் என்பதையே மறந்திருக்கிறேன் பார். நர்ஸம்மா, "இவ்ளோ சின்னக் குரலா அக்கா?" என்றாள். பேச்சுதான் பெரிசு, குரல் சின்னதுதான் என்றேன்.

அதற்குள் வயலின் வந்துவிட்டது. "யாரு செத்தாங்கன்னு இப்படி வாசிக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். அவர் போனதிலிருந்து முதல் தடவை.

நீ நல்ல மனசோடுதான் செய்தாய், தெரியும். ஆனால் தம்பி, நீ பாட்டுப் போட்டு மூடியது யாருடைய வாயை? நான் வாய் பார்த்தே குடும்பம் நடத்தினவள்.

கொஞ்ச நேரம் குழந்தைகள் பக்கம் குனிந்து ஏதோ வேடிக்கை சொல்கிறார். அப்புறம் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்க்கிறார். வயலின் அழுகிறது, அவர் உதடு அசைகிறது. பின்னால் ஓட்டச் சொன்னேன். மறுபடி ஓட்டச் சொன்னேன். நர்ஸம்மாவுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, அவளும் எழுந்திருக்கவில்லை.

"மாப்ளே, நீ நடத்து. நான் புடிச்சிக்கிறேன்."

இதுதான் சொல்கிறார். சத்தியமாக இதுதான்.

நீ எங்கேயோ கண்ணாடி அறையில் இருந்திருப்பாய். அவருக்கு நீ கேமராவுக்குள்ளே இருக்கிறாய் என்று நினைப்பு. எங்களுக்கெல்லாம் அப்படித்தானே நினைப்பு.

போகாத விசேஷ வீடு இல்லை, எல்லா இடத்திலும் அந்தக் கதையைச் சொன்னார். இந்த வரியை ஒருத்தரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட. ஊரைச் சிரிக்க வைக்கச் சொன்னதை ஊருக்குச் சொன்னார். இது உனக்குச் சொன்னது. உனக்குக் கேட்டிருக்கும் என்றே கடைசிவரை இருந்துவிட்டார் போலிருக்கிறது.

கேமராவிடம் சொல்லி முடித்ததும் நிலா இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்க வேண்டும், அவர் முதுகு திரும்பிவிடுகிறது. தோள் மட்டும் ஆடுகிறது. அங்கேயும் ஏதோ பேசுகிறார். அது எனக்குத் தெரியவில்லை. அதோடு நீ வெட்டிவிட்டாய்.

கண்ணால் கேட்டது போதவில்லை தம்பி. பாட்டை எடுத்துவிட்டு அனுப்பு. முழுசும் அனுப்பு. நிலா விழட்டும், பிள்ளைகள் கத்தட்டும், அந்தப் பாடகியம்மா கண்டபடி பாடட்டும். கரடி இல்ல தச்சன் என்பதும் வேண்டும். நீ அழகு பண்ணப் பண்ண அவர் அதிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறார்.

அக்கா

*

ஆகஸ்ட் 5

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போனேன். ஒரு சுற்று நடந்தேன். வந்து மிச்சத்தைப் படித்தேன்.

பழைய மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்து, நாடாவைப் போட்டு, முதலிலிருந்து பார்த்தேன். சத்தத்தோடு. படுகேவலமாகத்தான் இருக்கிறது, அதில் ஒரு மாற்றமும் இல்லை. பாடகி பாடும் இடத்தில் என்னையும் அறியாமல் சிரித்துவிட்டேன். உதவியாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "யாரு சார் இது, கரடி வேஷத்துல?" என்று கேட்டார். எங்க அத்தான் என்றேன்.

அன்று நிலா சரிந்ததும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டேன் அக்கா. அதனால் எனக்குக் கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் குழந்தைகள் கத்தியதில் கேட்டிருக்காது. ஆனால் நாடாவில் இருக்கிறது. நீ உதட்டில் பார்த்ததுதான், ஒரு எழுத்து மாறவில்லை. பாட்டுக்கும் கூச்சலுக்கும் நடுவே, மூக்கால், என்னைக் கூப்பிட்டுச் சொல்கிறார். எத்தனை தடவை ஓட்டிக் கேட்டேன் என்று தெரியாது. அவரிடம் பதில் சொல்ல என்னிடம் எல்லாம் இருக்கிறது, அவர்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். தெருமுனையில் நிற்கமாட்டேன். மெஷினையும் தூக்கிக்கொண்டு வருகிறேன், நாடா வெட்டுப்படாமல் முழுசாக இருக்கிறது. முதுகு திரும்பிய இடத்தில் நிலா அவர் தோளை அழுத்துகிறது. அங்கே அவர் உன்னைக் கூப்பிடுகிறார். வார்த்தை உனக்குத் தெரியும். குரலை நான் கொண்டுவருகிறேன்.

பின்னறையைத் திறந்து வை.

வாலு